கண் ஓயாமல் கசிகிறதா? மூக்கோரத்தைக் கவனியுங்கள்

கண்ணில் நீர் வடிந்தால் நம் மொரிஷியஸில் முதலில் கால் போகும் இடம் ஃபார்மசி. ரோஸ் ஹில்லோ திரியோலேயோ, நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சொட்டு மருந்து ஒரு குப்பி வாங்கி ஒரு வாரம் விட்டால் பீளை குறையும். நிறுத்தினால் மறுபடி வரும். அப்புறம் வேறொரு குப்பி. இப்படியே ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள், அதிலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். கையில் எந்நேரமும் கைக்குட்டை இருக்கும். கேட்டால், "வயசாச்சு, காத்து ஒத்துக்கலை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இவர்களில் பலருக்கு நோய் கண்ணில் இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே, எலும்புக் குழிக்குள் அடங்கிக் கிடக்கும் ஒரு சின்னப் பையில் இருக்கிறது. அந்தப் பையிலிருந்து மூக்குக்குள் இறங்கும் வழி அடைபட்டுப் போனதால் வரும் தொல்லை இது. கண்ணில் விடும் மருந்து அடைப்பைத் திறக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாததால் நல்ல வைத்தியம் இருக்கிற ஒரு நோயோடு மக்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

கண்ணீர் போகும் வழி

கண்ணீர் சுரக்கும் சுரப்பி மேலிமைக்குப் பின்னால், நெற்றிப்பொட்டுப் பக்கமாக இருக்கிறது. அங்கே சுரந்த நீர் இமைக்க இமைக்கக் கண் முழுவதும் பரவி, மூக்குப் பக்கத்து மூலைக்கு வந்து சேரும். கண்ணாடி முன்னால் நின்று, கீழிமையின் உள்மூலையை லேசாக வெளியே சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை தெரியும். மேலிமையிலும் அதே போல் ஒன்று உண்டு. கண்ணீர் இறங்கும் வாசல்கள் இவை இரண்டும்தான்.

துளையிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு நுண்குழாய் போகிறது. முதல் 2 மில்லிமீட்டர் நிமிர்ந்தும் மீதி படுத்தும் இருக்கும். மேல் குழாயும் கீழ்க் குழாயும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றாகச் சேர்ந்து கண்ணீர்ப்பைக்குள் நுழைகின்றன. பையின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதன் அடியிலிருந்து ஒரு குழாய் எலும்புக்குள் இறங்கி மூக்கின் உள்பக்கம் திறக்கிறது. நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் இமைத் தசை இந்தப் பாதையை அழுத்தி விடுவதால் நீர் உறிஞ்சப்பட்டுக் கீழே போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான்.

அடியில் இருக்கும் குழாய் அடைபட்டால் என்ன ஆகும்? பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டால் நடப்பதுதான். முதலில் தண்ணீர் தேங்கும், பிறகு நாறும். பைக்குள் தேங்கிய கண்ணீரிலும் சளியிலும் கிருமிகள் குடியேறுகின்றன. பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். குழந்தைகளுக்கு ஹீமோஃபிலஸ் வகையும் வரும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை இவற்றால் பெரிய தொல்லை இல்லை. ஓட்டம் நின்றால்தான் பை சீழ்ப்பையாக மாறுகிறது. கண்ணீர்ப்பை அழற்சி என்பது இதுதான். மருத்துவமனைச் சீட்டில் டாக்ரியோசிஸ்டைட்டிஸ் என்று எழுதியிருப்பார்கள். பிரெஞ்சில் பேசும் டாக்டர் டாக்ரியோசிஸ்தித் என்பார். இரண்டும் ஒன்றே.

இது புதிய நோயுமல்ல. சுஸ்ருத சம்ஹிதை கண் நோய்களை வகை பிரிக்கும்போது, கண்ணின் சந்திகளில் வருபவை என்று தனியாக ஒன்பதைச் சொல்கிறது. அதில் ஒன்று பூயாலசம்: மூலையில் வீங்கிப் பழுத்து, கெட்டியான, நாற்றமுள்ள சீழ் வடியும் கட்டி. இன்றைய மருத்துவர்கள் அதைக் கண்ணீர்ப்பை அழற்சி என்றே அடையாளம் காண்கிறார்கள்.

யாருக்கு வருகிறது

பெரியவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நடுவயதுக்கு மேல் இன்னும் அதிகம். பெண்களுக்கு அந்த எலும்புக் குழாய் இயல்பாகவே சற்றுக் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். அதன் உள்பூச்சு நாள்பட வீங்கித் தழும்பாகி மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் குறிப்பிட்ட காரணம் எதையும் காட்ட முடியாது.

சிலருக்குக் காட்ட முடியும். மூக்கு எலும்பு முறிந்திருக்கலாம். மோட்டார் சைக்கிளில் விழுந்து முகத்தில் அடிபட்ட இளைஞருக்குச் சில மாதங்கள் கழித்து கண் கசிய ஆரம்பிப்பது உண்டு. நாள்பட்ட சைனஸ் தொல்லை, மூக்கில் சதை வளர்வது, மூக்கில் முன்பு செய்த அறுவை சிகிச்சை இவையும் காரணமாகலாம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டோசிடாக்செல் என்ற மருந்தும், தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் கதிரியக்க அயோடினும் இந்தக் குழாய்களை அடைக்கக்கூடியவை. அந்தச் சிகிச்சை எடுப்பவர்கள் கண் கசிவைச் சாதாரணமாக விடாமல் தங்கள் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டால் குழாய் முழுக்க மூடிக்கொள்ளும் முன்பே ஏதாவது செய்ய வழி இருக்கிறது.

கரும்பு வெட்டும் பருவத்தில் தூசியிலும் புகையிலும் கண் கலங்குவதும், தீமிதித் திருவிழாவில் குழிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து கண் எரிவதும் வேறு. அவை இரண்டு கண்ணிலும் வரும், சில மணி நேரத்தில் அடங்கும். அடைப்பு பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பிக்கும், அடங்காது. வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கசியும். காலையில் இமைகள் ஒட்டிக்கிடக்கும். கண் வெள்ளை மட்டும் பெரிதாகச் சிவந்திருக்காது. சிவப்பு இல்லாமல் பீளை மட்டும் வந்துகொண்டிருந்தால் உங்கள் சந்தேகம் கண்ணைவிட்டு மூக்கோரத்துக்கு நகர வேண்டும்.

ஒரு விரலால் செய்யும் சோதனை

என் உறவில் ஓர் அத்தைக்கு இப்படித்தான் இடது கண் பல வருடமாகக் கசிந்துகொண்டிருந்தது. அவர் போன இடங்களில் எல்லாம் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் கண்புரை அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் செய்யும் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. கூடப் போயிருந்ததால் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டாக்டர் விளக்கைக் கூட அப்போது போடவில்லை. கையுறை போட்ட ஆள்காட்டி விரலை மூக்கெலும்பின் பக்கவாட்டில், கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே வைத்து, உள்பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினார். கீழிமையின் அந்த ஊசித் துளையிலிருந்து மஞ்சளாக, பற்பசை பிதுங்குவதுபோல் சீழ் எழும்பி வந்தது. அத்தைக்கு வலிக்கவே இல்லை. "இது எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டதற்கு அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தை அதுவரை யாரும் தொட்டதே இல்லை.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதே இடத்தில் மிதமாக அழுத்திக் கண்ணாடியில் பாருங்கள். சளியோ சீழோ மேலே வந்தால் பைக்குக் கீழே அடைப்பு இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். வராவிட்டால் அடைப்பு இல்லை என்று அர்த்தமாகாது. டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டாலே வலித்தால் அழுத்தக் கூடாது. அது வேறு நிலைமை, கீழே சொல்கிறேன்.

டாக்டர் செய்யும் அடுத்த சோதனையும் எளியதுதான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, முனை மழுங்கிய மெல்லிய ஊசியைத் துளைக்குள் நுழைத்து உப்புநீர் செலுத்துவார். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. கரிக்காமல் மேல் துளை வழியாகத் திரும்பி வந்தால் அடைப்பு. திரும்பி வரும் நீர் தெளிவாக இருக்கிறதா, சளி கலந்திருக்கிறதா என்பதை வைத்து அடைப்பு எந்த இடத்தில் என்றும் ஊகிப்பார்கள். இந்த ஊசிக்கு நம் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. இதை முதலில் செய்து எழுதியவர் டொமினிக் அனெல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், 1713 வாக்கில். பிரெஞ்சுக்காரர்கள் நம் தீவில் வந்து கொடி நாட்டியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1715இல். அவர் பெயரால் வந்த ஊசிக் குழல் இன்றும் கண் மருத்துவத்தில் பேசப்படுகிறது.

புரை அறுவைக்கு முன்

அத்தையின் கதையை நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புரை அறுவை என்பது கண்ணைத் திறந்து உள்ளே லென்ஸ் வைப்பது. பக்கத்துப் பையில் சீழ் நிறைந்திருக்கும்போது அதைச் செய்தால் கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையையே பறித்துவிடலாம். அதனால் பையில் சீழ் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் புரையைத் தொடுவார்கள். "புரைக்கு நாள் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள்" என்று யாராவது குறைபட்டால், காரணம் இதுவாக இருக்கிறதா என்று கேளுங்கள். இதுவாக இருந்தால் அந்த டாக்டர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். கண் கசிகிறது என்றால் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு, வரும் வழியிலேயே பீளையைத் துடைத்துவிட்டு டாக்டர் முன் உட்காருவதில் லாபமில்லை.

மொரிஷியஸில் இது சின்ன விஷயமில்லை. இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை இருப்பவர்களுக்குப் புரை சீக்கிரம் விழுகிறது. கிருமித் தொற்றும் அவர்களிடம் வேகமாகப் பரவுகிறது, மெதுவாக ஆறுகிறது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதை நம் குடும்பங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இன்னொன்று, நாள்பட்ட சீழ் கண்மேல் ஓயாமல் பட்டுக்கொண்டிருந்தால் கருவிழியில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலே போதும். கரும்புத் தோகை உரசினாலும், தோட்டத்தில் கிளை பட்டாலும், சாதாரணக் கண்ணில் இரண்டு நாளில் ஆறிவிடும் காயம் இந்தக் கண்ணில் புண்ணாகிப் பார்வையில் தழும்பு போட்டுவிடும். வலியில்லாத நோய் என்று இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பது அதனால்தான்.

திடீரென்று வீங்கினால்

நாள்பட்ட அடைப்பு ஒருநாள் திடீரென்று சீறும். கண்ணின் உள்மூலைக்குக் கீழே, மூக்கை ஒட்டி, கொண்டைக்கடலை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ சிவந்த வீக்கம். தொட முடியாத வலி, சூடு, சிலருக்குக் காய்ச்சல். ஒரு நாளுக்குள் கீழிமையும் கன்னமும் சேர்ந்து வீங்கிவிடலாம். இதைக் கண்கட்டி என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போடுவதும், உடைத்துவிடப் பிதுக்குவதும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பிதுக்கினால் சீழ் சுற்றியிருக்கும் தசைக்குள் இறங்கும். அந்த இடத்து ரத்தக் குழாய்கள் மூளைப் பக்கத்துக் குழாய்களோடு தொடர்புள்ளவை.

இதற்கு வைத்தியம் வாய்வழி ஆன்டிபயாட்டிக். அமாக்சிசிலின்–கிளாவுலனிக் அமிலம், செஃபலெக்சின் போன்றவற்றை டாக்டர் எழுதுவார். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். இங்கேயும் சொட்டு மருந்து துணைக்குத்தான், முக்கிய மருந்து மாத்திரையே. இளஞ்சூடான ஈரத்துணி ஒத்தடம் வலியைக் குறைக்கும். சீழ் தோலுக்கு அடியில் திரண்டு நின்றால் டாக்டர் சின்னதாகக் கீறி வெளியேற்றுவார். இந்த நிலையில் குழாய்க்குள் ஊசி விட்டுப் பார்க்க மாட்டார்கள், விடவும் கூடாது. தானாக உடைந்தால் சில சமயம் அந்த ஓட்டை மூடாமல், கன்னத்தில் ஓயாமல் கண்ணீர் ஊறும் புரையோடிய வாயாக நின்றுவிடும்.

கண்ணை அசைக்கவே வலிக்கிறது, கண் முன்னால் தள்ளுகிறது, பார்வை மங்குகிறது, இரண்டாகத் தெரிகிறது என்றால் அது அவசர நிலை. தொற்று கண்குழிக்குள் போய்விட்டதற்கான அறிகுறிகள் அவை. இரவானாலும் பொழுது விடியக் காத்திருக்காமல் பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போர்ட் லூயியில் ஜீத்து, பாம்ப்ளமூஸில் எஸ்.எஸ்.ஆர்.என்., காந்தோஸில் விக்டோரியா, ரோஸ் பெல்லில் நேரு மருத்துவமனை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று உண்டு. அங்கே நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள்.

சொட்டு மருந்து விஷயத்தில் இன்னொன்று. சில குப்பிகளில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். விட்டதும் சிவப்பும் உறுத்தலும் உடனே குறைவதால் "நல்ல மருந்து" என்று பேர் வாங்கிவிடும். ஒரு வீட்டுக் குப்பி பக்கத்து வீட்டுக்கும் போகும். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடலாம், புரையும் வரலாம். பழைய குப்பியின் பெயரைக் காட்டி அதையே வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

பச்சைக் குழந்தையின் கண்

குழந்தைகள் விஷயத்தில் முதலில் ஒரு ஆறுதலைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த சில வாரத்தில் ஒரு கண்ணோ இரண்டு கண்ணுமோ கசிந்து பீளை கட்டுவது மிகச் சாதாரணம். கண்ணீர்க் குழாயின் அடிமுனையில் இருக்கும் மெல்லிய சவ்வு பிறப்பதற்குள் திறந்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறது, அவ்வளவுதான். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் தானாகச் சரியாகிவிடும்.

அதுவரை அம்மா செய்ய வேண்டியது ஒரு மசாஜ். லூயிஸ் கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1923இல் எழுதியது, நூறு ஆண்டு கடந்தும் உலகம் முழுக்க இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டிக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த நேரம் வசதி, முகம் ஆடாமல் இருக்கும். சுண்டுவிரல் நுனியைக் கண்ணின் உள்மூலையில், மூக்கெலும்பை ஒட்டி வையுங்கள். விரலை எடுக்காமல், அழுத்தியபடியே மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. தோலை மட்டும் தடவிவிட்டுப் போகக் கூடாது. அடியில் எலும்பு தட்டுப்படும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். உள்ளே தேங்கிய நீர் கீழே பாய்ந்து அந்தச் சவ்வைத் தள்ளித் திறக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து இழுப்பு, நாளுக்கு மூன்று நான்கு தடவை. செய்யும்போது பீளை வெளியே வந்தால் பயப்பட வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு.

பல அம்மாக்கள் "மசாஜ் செய்தேன், கேட்கவில்லை" என்பார்கள். செய்து காட்டச் சொன்னால் இமைமேல் வட்டமாகத் தடவுவார்கள். தடுப்பூசி போட டிஸ்பான்சேர் என்னும் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நர்ஸிடமோ டாக்டரிடமோ ஒருமுறை நேரில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

வீட்டுப் பெரியவர்கள் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொல்வதும், கண்மை தீட்டுவதும் நம் வழக்கம். ஆயாக்களின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் தாய்ப்பால் அந்தச் சவ்வைத் திறக்காது. கண்மையை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். சில மைகளில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அடைபட்ட வழியில் மைத் துகளும் போய்ச் சேருவது எந்த வகையிலும் நல்லதல்ல. திருஷ்டிப் பொட்டைக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ வைத்துவிட்டுப் போகலாமே.

ஒரு வயதுக்கு மேலும் கசிந்தால் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு அந்தச் சவ்வைத் திறப்பார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும். வயது ஏற ஏற வெற்றி கொஞ்சம் குறையும் என்பதால் பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத குழந்தைகளும் உண்டு. பிறந்த முதல் சில நாளிலேயே கண் வீங்கிச் சீழ் கொட்டினால் அது பிரசவ வழியில் ஒட்டிய கிருமியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். கண் மூலைக்குக் கீழே நீலம் பாரித்த உருண்டையோடு குழந்தை பிறந்தால் கண்ணீர்ப்பை நீர் கோத்து வீங்கியிருக்கிறது. அது மூக்குக்குள்ளும் புடைத்திருந்தால் மூச்சு அடைக்கும், ஏனென்றால் பச்சைக் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன. பால் குடிக்கும்போது நீலம் பாய்ந்தால் 114ஐ அழைத்து சாமு ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். மூன்றாவதாக, நீர் வடிவதோடு வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை முகத்தைத் திருப்பினால், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ இருந்தால், அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். "என்ன பெரிய கண்ணு!" என்று ஊரே மெச்சும் கண்ணில் இந்த நோய் ஒளிந்திருப்பது உண்டு.

இதே போலத் தோன்றும் வேறு சில

கண் கசிகிறவர்கள் எல்லோருக்கும் அடைப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வயதானவர்களில் பலருக்குக் கண் உலர்ந்து போவதே காரணம். உலர்ந்து உறுத்துவதைச் சமாளிக்கச் சுரப்பி சட்டென்று நீரைக் கொட்டிவிடும். அதற்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு போதும். கீழிமை தளர்ந்து வெளியே தொங்கினாலும் துளை கண்ணீரைத் தொடாமல் போய் நீர் கன்னத்தில் வழியும்.

அதிகம் தவறவிடப்படுவது நுண்குழாய்த் தொற்று. பையில் சீழ் இருக்காது, இமை ஓரத் துளை மட்டும் சிவந்து உதடு பிதுக்கினாற்போல் இருக்கும். ஆக்டினோமைசிஸ் என்ற கிருமி பெரும்பாலும் காரணம். உள்ளே மஞ்சள் மணல் போன்ற துகள்கள் சேர்ந்துவிடும். அவற்றைச் சுரண்டி எடுக்கும்வரை எந்தச் சொட்டும் கேட்காது. மாதக்கணக்காக "கண் நோய்" என்று வைத்தியம் பார்த்தும் ஒரே கண்ணில் ஒரே மூலையில் சிவப்பு நிற்கிறதென்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளுக்கு மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்: கண்ணீரில் ரத்தம் கலந்து வருவது, வீக்கம் உள்மூலைக் கோட்டுக்கு மேலே எழும்புவது. சாதாரண அழற்சி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வீங்கும். மேலே போனால் கட்டியாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

அடைப்பைத் திறப்பது

பெரியவர்களுக்குக் குழந்தைக்குச் செய்வதுபோல் கம்பி விட்டால் நிலைக்காது. அடைத்திருப்பது சவ்வல்ல, தழும்பு. அதனால் பழைய குழாயை விட்டுவிட்டு, பையிலிருந்து மூக்குக்குள் நேராக ஒரு புது வழி போடுகிறார்கள். நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பில் ஒரு சாளரம் வெட்டி, பையின் உள்பூச்சையும் மூக்கின் உள்பூச்சையும் சேர்த்துவிடுவது. சுருக்கமாக டி.சி.ஆர். என்பார்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து மருத்துவர் அடேயோ டோட்டி 1904இல் தோல்வழியாகச் செய்து எழுதிய முறைதான் இன்றைய அறுவைக்கு அடிப்படை. தேர்ந்த கையில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. மூக்கோரத்தில் சின்னத் தழும்பு இருக்கும், பெரும்பாலும் மறைந்துவிடும்.

இப்போது மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டு, வெளியே கீறாமலும் செய்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மூக்கின் உள்ளமைப்பையும் டாக்டரின் பழக்கத்தையும் பொறுத்தது. தழும்புக்குப் பயந்து ஒன்றையே பிடிவாதமாகக் கேட்பதைவிட, அவருக்குக் கைவந்த முறையைச் செய்துகொள்வது மேல் என்பது என் எண்ணம். ரொம்ப வயதானவர்களுக்கு, நீண்ட அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு, பையையே எடுத்துவிடுவதும் உண்டு. கண் கசிவது நிற்காது, ஆனால் சீழ் நின்றுவிடும், புரை அறுவைக்கும் வழி பிறக்கும்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் மோகாவில் இருக்கும் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை. அரசு மருத்துவமனை, செலவில்லை. நேரே போக வேண்டுமென்பதில்லை, பக்கத்து சுகாதார நிலையத்தில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். போகும்போது "கண் கசிகிறது" என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கண், எவ்வளவு காலமாக, அழுத்தினால் சீழ் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். பிரச்சினை எங்கே என்று டாக்டருக்கு உடனே பிடிபடும். வீட்டில் இருக்கும் எல்லாச் சொட்டுக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அறுவைக்கு நாள் கிடைத்தால், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூக்கில் ரத்தம் வரக்கூடிய அறுவை இது. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். அறுவை முடிந்ததும் பல பேருக்குப் புது வழி மூடாமல் இருக்க மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றை உள்ளே விட்டிருப்பார்கள். கண் மூலையில் நூல்போலத் தெரியும். அதைத் தேய்க்கவோ இழுக்கவோ கூடாது. சில வாரமோ சில மாதமோ கழித்து டாக்டரே எடுத்துவிடுவார். முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஆவி பறக்கும் சூட்டில் டீயும் ரசமும் வேண்டாம், கனமானதைத் தூக்கக் கூடாது. காவடி எடுக்க வேண்டிக்கொண்டிருப்பவர்கள் தைப்பூசத் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, அதற்குத் தகுந்தாற்போல் அறுவைக்கு நாள் கேட்டுக்கொள்ளலாம்.